என் நாக்கும் மகனின் பற்றரியும்

புதுக் கார் வீட்டுக்கு வந்த அன்று நான் வாயைத் திறந்து இரண்டு வசனம் சொன்னேன். அதற்கு முந்தி அந்த மாதத்தில் நான் என்ன பேசினேன் என்று கேட்டால் வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. எனக்கே ஞாபகம் இல்லை. நான் அப்படியான ஆள். சந்தியில் நாலு பேர் நின்றால் வேலிப் பக்கமாக ஒதுங்கி நடப்பேன். கலியாண வீட்டில் சோறு போதுமா என்று கேட்டால், போதாவிட்டாலும் தலையை ஆட்டுவேன். ஐந்தாம் வகுப்பில் ரீச்சர் என்னைப் பாட்டுப் பாடச் சொன்னபோது மேசைக்குக் கீழே போய் இருந்தவள். அந்த வகுப்போடு பள்ளிக்கூடமும் முடிந்தது, பாட்டில் இருந்தும் தப்பினேன்.

அப்படிப்பட்டவளின் நாக்குக்கு ஒரு யப்பான் காரை நிறுத்திப்போடுகிற சக்தி இருக்கிறது என்பது எழுபது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. படித்திருந்தால் முன்னரே கண்டுபிடித்திருப்பார்களோ என்னவோ.

முதலில் நான் இருந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஆண் பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். வயது போன தாய் மகளோடு இருப்பாள். எனக்கு மகள் இல்லை, ஒரே ஒரு மகன். அவனுடைய தகப்பன் போன பிறகு கரடியனாற்றில் தனியாகக் கிடந்த என்னை அவன் வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆகவே நான் இருப்பது மருமகளின் வீடு. மருமகளின் வீடு என்றால் அவளுடைய தாயின் வீடு. வாவிக்கரையில் இருந்து கூப்பிடு தூரம். குசினிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் வாவிக் காற்று வரும், யாரோ கருவாடு காயப்போட்ட மணமும் வரும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

மருமகளின் தாயை நான் மச்சாள் என்பேன். அவரும் என்னை மச்சாள் என்பார். எங்கள் இருவருக்கும் என்று கடவுள் அளந்து வைத்த பேச்சை அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் யாராவது பேசத்தானே வேண்டும்.

மகனுக்குப் பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை. வெள்ளைக்காரர் வந்து இறங்கினால் சிரித்துக்கொண்டு அறைச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கொடுக்கிற வேலை. பஸ்ஸில் நின்று நின்றே போய்வந்தவன், ஒரு நாள் காரில் வந்து இறங்கினான். சீட்டுக்குப் போட்ட பொலித்தீனும் கழற்றாத புதுக் கார். பாதி பெற்றோலிலும் பாதி கரண்டிலும் ஓடுமாம். அதற்குத் திறப்புப் போட்டுத் திருப்புகிற வேலையே இல்லை. திறப்பு என்பது தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிட்டப் போனால் கார் ஆளை அறிந்து கண் விழிக்கும். பொத்தானை அழுத்தினால் எழும்பும். உள்ளே ஒரு யப்பான்காரி இருந்து ஏதோ சொல்லுவாள். என்ன சொல்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் மச்சாள் ஒவ்வொரு முறையும் "ஓம் மகள், ஓம் மகள்" என்று பதில் சொல்லுவார்.

பூசாரியை அழைத்துக் காருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சில்லு நாலுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார்கள். திறப்புக்கும் சந்தனம் பூசினார்கள். அன்று மச்சாள் ஒரு சட்டம் போட்டார்.

"தம்பி, காரால இறங்கினா முதல் வேலையா கால் கழுவிப்போட்டு, திறப்ப அம்மாள்ற காலடியில வச்சிரணும். விடிய எடுத்துத்து போ. அப்பிடிச் செய்தா ஒரு காத்துக் கறுப்பும் அண்டாது."

மருமகனைத் தம்பி என்பது அவருடைய வழக்கம். அவன் மறுத்துப் பேசுகிறவன் அல்ல. அதில் என்னைக் கொண்டு பிறந்தவன். அம்மன் படம் வைத்த சாமித்தட்டு முன் மண்டபத்துச் சுவரில் இருந்தது. அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம்தான் காருக்கென்று தகரம் இறக்கிய கொட்டகை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாளும் திறப்பும், அந்தப் பக்கம் கார்.

அயலவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஒருவர் கதவை இழுத்து மூடிப் பார்த்தார். ஒருவர் உள்ளே ஏறி இருந்து, இறங்க மனம் இல்லாமல் இருந்தார். அவ்வளவு பேர் அவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்க, மகன் என்னிடம் வந்தான்.

"அம்மா, நீங்க ஒண்டும் சொல்லல்லியே. கார் எப்பிடி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொன்னால்தான் பார்வையை எடுப்பார்கள் போல இருந்தது.

"வடிவா இரிக்கு மகன். பூனை மாதிரிச் சத்தமே இல்லாம வருது."

நான் சொன்னது அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். நானும் ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் வேலைக்குப் போக மகன் பொத்தானை அழுத்தினான். கார் சத்தமே இல்லாமல் நின்றது. மறுபடி அழுத்தினான். யப்பான்காரியும் பேசவில்லை. மச்சாள் பல் துலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"மச்சாள் அண்டைக்கே சொன்னாவே தம்பி, சத்தமில்லையெண்டு. இப்ப பாரு, உண்மையாவே சத்தமில்ல."

அந்த முறை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த முறை கார் படுத்தபோது சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வாத்தியம் இல்லாத கூத்து. ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது. ஒரு நாள் கண்ணாடி இறங்கிவிட்டு ஏறமாட்டேன் என்று நிற்கும், அன்றைக்குப் பார்த்து மழை பெய்யும். மணிக்கூடு தன்பாட்டில் பன்னிரண்டுக்குப் போய் நிற்கும். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் தன்னுடைய பற்றரியில் இருந்து வயர் கொடுத்து எழுப்பிவிடுவார். மூன்று சில்லுக்காரன் நாலு சில்லுக்காரனுக்குக் கை கொடுக்கிறான் என்று அவருக்கு ஒரே சந்தோசம். "அண்ணன், இண்டைக்கும் அவவுக்கு மயக்கமா?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்.

கராச்காரர் ஒருவர் வந்து பற்றரி சரியில்லை என்றார். மாற்றினார்கள். புதுப் பற்றரியும் பழையதிடம் பாடம் கேட்டது போலப் படுத்தது. இரண்டாமவர், பற்றரி நல்லது, சார்ஜ் ஏறுகிற இடத்தில்தான் பிழை என்றார். மூன்றாமவர், சார்ஜ் நன்றாக ஏறுகிறது, எங்கேயோ கரண்ட் கசிகிறது என்றார். எங்கே என்று மகன் கேட்டான். "அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி வெயிலுக்க நிக்கன்?" என்றார். கடைசியில் காரைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். கொம்பனிக்காரர் கம்பியூட்டரைப் பூட்டிச் சோதித்தார்கள். அங்கே அது ஒரு நாளும் படுக்கவில்லையாம். பிழை ஒன்றும் இல்லை என்று கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறத்தியார் வீட்டில் நல்ல பிள்ளையாக இருக்கிற குணம் மனிதருக்கு மட்டும் உரியது என்று அதுவரையும் நினைத்திருந்தேன்.

மச்சாளுக்கு அதில் இருந்து ஒரு விசயம் விளங்கிவிட்டது. கொழும்பில் கார் ஓடியது. கொழும்பில் நான் இல்லை.

எங்கள் பக்கத்தில் கண்ணூறு என்பதைவிட நாவூறு என்பதுதான் பேச்சு. கண் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். அயலவர் அத்தனை பேர் அன்று எவ்வளவோ சொன்னார்கள். ஆனால் அவர்கள் தினமும் சொல்லுகிறவர்கள், அவர்களின் நாக்கு தேய்ந்துபோனது. நான் சேர்த்து வைத்துச் சொன்னவள். பாவிக்காத கத்தியில்தானே கூர் அதிகம். மச்சாள் இப்படியே சொல்லவில்லை, ஆனால் இதைத்தான் சொன்னார்.

நாவூறு கழிக்கிறவரை அழைத்தார்கள். உப்பும் கடுகும் செத்தல் மிளகாயும் எடுத்துக் காரைச் சுற்றி நெருப்பில் போட்டார். நெடி அடித்தால் நாவூறு இல்லை, நெடி அடிக்காவிட்டால் உண்டு. எல்லாரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றோம். நெடி அடிக்கவில்லை. அது பூச்சி விழுந்து, நிறம் வெளுத்த பழைய மிளகாய், இனிக் கறிக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தது. எனக்குத் தெரியும், எடுத்துக் கொடுத்தவளே நான். நல்ல மிளகாயை ஏன் நெருப்பில் போடவேண்டும் என்று மச்சாள்தான் அதை எடுக்கச் சொன்னார். சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லுவதற்கும் நாக்குத்தானே வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வெளி ஆள் இல்ல. வீட்டுக்குள்ள இரிக்கிற ஆள்தான். மனசில வஞ்சகம் இல்ல. நாக்கிலதான் இரிக்கி."

மனதில் வஞ்சகம் இல்லை என்று ஒரு நற்சான்றிதழும் எனக்கு அன்று கிடைத்தது. வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

காருக்கு மட்டும் என்றால் நான் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். நான் காரில் ஏறாமல் இருந்தால் எனக்கு என்ன நட்டம்? பஸ் இருக்கிறது, கால் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் மருமகள் வயிற்றில் பிள்ளை. கலியாணம் முடித்து எத்தனையோ வருடம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிக் கிடைத்த பிள்ளை. நான் என்னுடைய பழைய நூல் சேலைகளைக் கிழித்து, சுடுதண்ணீரில் அவித்து, காயவைத்து, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குத் துடைக்கவும் விரிக்கவும் அதைப்போல மெது வேறு இல்லை. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கி ஒரு தரம் மடியில் வைத்துப் பார்க்கவேண்டும். இந்த வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வேறு ஆசைகளுக்கு யாரிடமாவது கேட்கவேண்டும், அதனால் நான் வளர்க்கவில்லை.

மச்சாள் என் அறைக்கு வந்து கட்டிலில் இருந்தார். அவர் என் அறைக்கு வந்தால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"மச்சாள், கோவிக்காதீங்க."

"சொல்லுங்க."

"நான் நம்புறல்ல, என்னை உங்களுக்குத் தெரியுந்தானே. ஆனா எத்தினை வருசத்தால கிடைச்ச புள்ள. அவள் பயப்புடுறாள். புள்ள பிறந்து முப்பத்தொண்டு கழிஞ்சு, கோயிலுக்குக் கொண்டு போய்த்து வந்த மறுகா நீங்க புள்ளையப் பாருங்களன். அதுவரைக்கும் உங்களுக்கும் இந்த இருமல் ஒண்டு இரிக்குத்தானே."

எனக்கு இருமல் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

"சரி மச்சாள்," என்றேன். இருமலுக்கு மரியாதை செய்து ஒருதரம் இருமியும் காட்டினேன்.

மருமகளை நான் குறை சொல்லமாட்டேன். காத்திருந்து பெற்றவளின் பயம் வேறு. மகன்தான் அன்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். என் பிள்ளைதானே.

வலி வந்த அன்று காலையும் கார் எழும்பவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் போகத்தான் இந்தக் கார் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். ஓட்டோவில் போனார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்து பார்த்து, ஓட்டோவும் நின்றுவிட்டால் பிறகு நடந்துதானே போகவேண்டும்.

பெண் பிள்ளை. எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளை பெண் என்றால் வீடு நிறைந்தது என்று அர்த்தம். வீடு நிறைந்தது, நான் பின் அறையில் இருந்தேன்.

பிள்ளை பிறந்தால் துடக்கு. முப்பத்தோராம் நாள் கழிவு செய்யும் வரையும் வீட்டில் விளக்கு வைக்கக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது. சாமித்தட்டுக்குத் திரை இழுத்துவிட்டார்கள். துடக்குக் கையால் திறப்பை அம்மாளின் காலடியில் வைக்க முடியுமா? மகன் அதைக் கொண்டுவந்து குசினியில் ஓர் ஆணியில் கொழுவினான். சந்தனம் பூசி வாழ்ந்த திறப்பு, கருகிய தோசைச் சட்டிக்குப் பக்கத்தில் தொங்கியது.

அந்த நாட்களில் கார் ஒரு காலையும் படுக்கவில்லை. தொட்டவுடன் எழும்பியது. கண்ணாடி ஏறி இறங்கியது. யப்பான்காரி பேசினாள், மச்சாள் ஓம் மகள் என்றார். கிளினிக்குக்குப் போனார்கள், கடைக்குப் போனார்கள், பிள்ளை பார்க்க வந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மச்சாள் குசினியில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்று அல்ல, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஆக்கள் கார்ப்பக்கம் வராம இரிக்க, கார் எப்பிடி ஓடுது பாத்தியா தம்பி?"

சாட்சி போதும், தீர்ப்பு எழுதவேண்டியதுதான் மிச்சம்.

நான் என் வேலையைப் பார்த்தேன். பிள்ளையின் துணி தோய்க்கிறது என் வேலை. என் கண் பட்டால் பிள்ளைக்கு ஆகாது, என் கை பட்ட துணி ஆகும். நாவூறு சவர்க்காரத்துக்குப் பயம் போல இருக்கிறது. காலையும் மாலையும் தோய்த்துக் கொடியில் போடுவேன். துணியைப் பார்த்தே பிள்ளைக்கு வயிறு சரியா இல்லையா என்று சொல்லுவேன், அதாவது எனக்கு நானே சொல்லுவேன். அழுகையையும் பிரித்து அறியப் பழகினேன். பசி அழுகை இழுத்து வரும். வயிற்று வலி என்றால் வெட்டி வெட்டி வரும். சும்மா தூக்கு என்கிற அழுகை ஒன்றும் இருந்தது, அதுதான் எனக்குக் கேட்க முடியாதது. ஒரு நாள் மருமகள் பிள்ளையைத் துவாயால் மூடிக்கொண்டு குசினி வழியே போனாள். துவாய்க்கு வெளியே ஒரு குதிகால் தெரிந்தது. தோல் உரித்த கச்சான் கடலை மாதிரி. மிச்சப் பிள்ளையை நான் மனதுக்குள் செய்துகொண்டேன்.

மகனுக்கு ஒரு நாள் மனம் கேட்கவில்லை. போனில் பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் முன் மண்டபத்தில் மச்சாளின் செருப்புச் சத்தம் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்று பின்னேரம் அந்தப் போனும் சார்ஜ் இறங்கி நின்றதாம். பாவம், அது எத்தனை நாள் பழைய போன் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் வந்தது. ஐயர் தண்ணீர் தெளித்தார். வீடு கழுவித் திரை எடுத்து விளக்கு வைத்தார்கள். ஆணியில் தொங்கிய திறப்பை மச்சாளே எடுத்து, துடைத்து, புதிதாகச் சந்தனம் பூசி அம்மாளின் காலடியில் சேர்த்தார். மகனுக்கும் அந்தக் கிழமை லீவு, கார் கொட்டகையில் நின்றது. வெள்ளிக்கிழமை பிள்ளையை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவதென்று பேச்சு. கோயிலால் வந்த பிறகு என்னுடைய முறை. நான் கொழும்புக்குப் போகிற ஆள் மாதிரி வியாழனே தலை முழுகி, வெள்ளைச் சேலையை மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டார்கள். நான் என் அறையில் இருந்தேன், சொன்னபடி. பிறகு நடந்ததைக் காதால்தான் பார்த்தேன். கார்க் கதவு திறக்கவில்லை. மகன் எப்படியோ திறந்தான். பொத்தானை அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்றும் இல்லை. ஓட்டோக்காரர் அழைக்காமலே வயரோடு வந்தார். வயரைக் கொழுவியதும் கார் உயிர் பெற்றது, ஆனால் வேறு மாதிரி. ஹோன் அடிக்கத் தொடங்கியது. யாரும் தொடவில்லை, தன்பாட்டில் விடாமல் அடித்தது. லைட்டும் விட்டு விட்டு எரிந்ததாம். திருவிழாவில் அம்மன் எழுந்தருளும்போதுகூட அப்படிச் சத்தம் நான் கேட்டதில்லை. பூனை மாதிரி என்று சொன்ன என் நாக்கை யாராவது அந்த நேரம் நினைத்திருந்தால் எனக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும்.

பிள்ளை வீரிட்டு அழுதது. முன் மண்டபத்தில் நிற்க முடியாது, சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. வீட்டில் அந்தக் காருக்கு அதிக தூரமான இடம் எது? எனக்கென்று பார்த்துக் கொடுத்த அறைதான். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், கதவைக் காலால் தள்ளினாள். முன்னுக்கு இருந்து மகன் கத்தினான்: "புத்தகத்த எடுத்து வா! காரோட தந்த புத்தகம்! நீதானே வச்ச!"

மருமகள் ஒரு பக்கம் பார்த்தாள், மறு பக்கம் பார்த்தாள். கட்டிலில் என்னைத் தவிர வேறு மடி இல்லை.

"மாமி, இதக் கொஞ்சம் புடிங்க," என்றாள். கொடுத்துவிட்டு ஓடினாள்.

எத்தனையோ வருடம் கோயில் ஏறிப் பெற்ற பிள்ளை, ஒரு அவசரத்தில் "இது" ஆகி என் மடிக்கு வந்தது. நான் மூச்சையும் மெதுவாகத்தான் விட்டேன். தலையில் எண்ணெய் மணம். கன்னத்தில் மையால் வைத்த பெரிய பொட்டு, அது எனக்காக வைத்தது என்று தெரியும். அழுது அழுது முகம் சிவந்திருந்தது. மூக்கு என்னுடைய மனிசனின் மூக்கு. பாவம், பெண் பிள்ளைக்கு அந்த மூக்குத்தானா வரவேண்டும்? அதை வாய்விட்டே சொன்னேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தது. நான் பேசுவதை இவ்வளவு கவனமாக யாரும் அதுவரை பார்த்ததில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதன் பாட்டன் கரடியனாற்றில் யானைக்குப் பயந்து மரத்தில் ஏறி, மரத்திலேயே நித்திரையான கதை.

ஹோன் நின்றது. கதவடியில் மச்சாள் நின்றார். பட்டுச் சேலை கசங்கி, கொண்டை அவிழ்ந்து. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சாள், இண்டைக்கு நீங்க காரப் பாத்தீங்களா?"

நான் வாயைத் திறக்க முந்தி, பின்னால் வந்த மருமகள் சொன்னாள்: "அம்மா, மாமி ஒரு மாசமா குசினியத் தாண்டி முன்னுக்கு வரல்ல. காரோட ஊர் சுத்தினது நீங்கதானே."

ஓட்டோக்காரர் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அப்ப நாவூறு உங்களிட்டத்தான் மாமி!" என்று சிரித்தார். மச்சாள் அவருக்கு அன்று தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

மகன் கொம்பனிக்குப் போன் எடுத்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். அங்கே ஒரு பையன், மெதுவாகப் பேசுகிறவன்.

"திறப்பை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?"

"சாமிக்கிட்ட."

"சாமி எங்கே?"

"சுவர்ல."

"சுவருக்கு மற்றப் பக்கம்?"

மகன் சாமித்தட்டைத் திரும்பிப் பார்த்தான். "கார்," என்றான்.

கொம்பனிப் பையன் சிரிக்கவில்லை, அது அவனுடைய நல்ல வளர்ப்பு. திறப்புக் கிட்ட இருந்தால் கார் உடையவர் வருகிறார் என்று நினைத்து உறங்காமல் விழித்துக்கொண்டே இருக்குமாம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்குமாம். பற்றரி அப்படித்தான் இறங்கியிருக்கலாம் என்றான். துடக்கு நாளில் திறப்புக் குசினியில், கார் நிம்மதியாக உறங்கியது. கொழும்பிலும் அப்படித்தான். ஆக, வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது நான் இல்லை என்பது யப்பான் வரைக்கும் நிரூபணமானது.

"அம்மாள்ற காலடியில இருந்தா பற்றரி இறங்குமோ?" என்று மச்சாள் கேட்டார்.

"இறங்குமாம் மாமி."

"அவன் வேதக்காரனா இருப்பான், சேர்ச்சுக்குப் போறவன்."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. யாரும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அப்படி ஒரு கதையே நடக்காத மாதிரி எல்லாரும் சோறு சாப்பிட்டோம். திறப்பைத் தூரத்தில், தகரப் பெட்டிக்குள் வைக்கும்படி கொம்பனிப் பையன் சொல்லியிருந்தான், மச்சாள் ஒரு பிஸ்கட் ரின்னைக் காலி செய்து குசினியில் வைத்தார். திறப்பு இரவில் அதற்குள் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் பூசித் திரும்ப உள்ளே போடுவார்.

பிறகு மருமகள் பாலர் பாடசாலை வேலைக்குத் திரும்பிப் போனாள். மச்சாளுக்கு வெளி வேலை அதிகம், ஓர் இடத்தில் கால் நீட்டி இருக்கிற ஆள் அல்ல. பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவரும் கூட்டம் வைத்துப் பேசவில்லை. ஒரு காலை என் மடியில் வைத்தார்கள். மறுநாளும் வைத்தார்கள். நாவூறுக்காரி சம்பளம் இல்லாத ஆயா ஆனாள், இருமலும் தானாகவே சுகமாகிவிட்டது. பேத்திக்கு ஒரு கெட்ட பழக்கம். பால் குடிக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், நிறுத்தினால் வாயை மூடிவிடுவாள். ஆகவே பேசுகிறேன். எழுபது வருடம் சேர்த்து வைத்ததில் இன்னும் பாதிகூட முடியவில்லை.

போன அறுவடை நேரம் இன்னொன்று நடந்தது. உன்னிச்சைப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், மச்சாளுக்கு ஒரு துண்டு வயல். வெட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், தான் போய் நிற்காவிட்டால் நெல் தானாக நடந்து போய்விடும் என்பது அவருடைய எண்ணம். மகன் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. பிஸ்கட் ரின்னைத் திறந்து திறப்பை எடுத்து, பொத்தானை அழுத்தினான். கார் எழும்பவில்லை. இரவு முழுவதும் ரின் மூடியபடியே இருந்தது, திறப்பு அதற்குள்ளேயே இருந்தது, எல்லாம் கொம்பனிப் பையன் சொன்னபடிதான். கராச்காரர் வந்தார், தலையைச் சொறிந்தார். கொம்பனிக்குப் போன் எடுத்தால், கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்கள். ஏன் படுத்தது என்று இன்றைக்கு வரையும் யாருக்கும் தெரியாது.

மச்சாள் என் அறைக் கதவடிக்கு வந்தார். நான் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். காலில் பிள்ளை நித்திரை.

"மச்சாள்," என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை கார்க் கொட்டகைக்குள் போய், பிள்ளைக்குக் காரைக் காட்டிக் காட்டி நான் பேசிக்கொண்டு நின்றதை அவர் கண்டவர். அதைக் கேட்க வாய் திறந்தார் என்று எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தார். என் காலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். வாசலில் ஓட்டோ நின்றது. வட்டையில் ஆட்கள் நின்றார்கள். நான் குற்றவாளி என்றால் பிள்ளையை அவர்தான் தூக்கவேண்டும், பிறகு வயல் வெட்டை யார் பார்ப்பது?

திறந்த வாயை மூடினார். கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தார்.

"எழும்பினாப் போத்தல்ல பால் இரிக்கு மச்சாள். கதைச்சுக் கதைச்சுக் குடுங்க. நீங்க கதைச்சாத்தான் குடிக்கிறாள்."

"சரி மச்சாள்," என்றேன்.

அவர் ஓட்டோவில் போனார். கார் கொட்டகையில் கிடந்தது. நான் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் நிறைய.